போல்ட் ஏறிவிட்டால் போதுமா?

மெக்சிகோவின் பூயெப்லா ஆலையிலிருந்து 2003 ஜூலை 30 அன்று கடைசி ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வெளிவந்தபோது, அதுவரை செய்த வண்டிகளின் கணக்கு 2,15,29,464. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றேதான். பின்பக்க மூடியைத் திறந்தாலும் அதே காட்சி: காற்றால் குளிரும் எஞ்சின், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள். ‘எல்லாம் ஒரே எஞ்சின்தானே, எதை எடுத்து எதில் போட்டால் என்ன’ என்ற எண்ணம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐம்பது வயதான எஞ்சின் என்றால் அதற்குள் எத்தனையோ கைகள் புகுந்திருக்கும், ஒவ்வொரு கையும் அன்றைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடியிருக்கும். அதைப் பிரித்து மறுபடி கட்டுபவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பார்ப்போம்.

“எஞ்சின் நம்பரைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.”

டைனமோவைத் தாங்கும் காலுக்குக் கீழே, கிராங்க் கேஸில் நம்பர் பொறித்திருக்கும். தொடக்க எழுத்து ‘டி’ என்றால் 1200, ‘எஃப்’ 1300, ‘எச்’ 1500, ‘ஏடி’ என்றால் இரட்டைத் துளை ஹெட் கொண்ட 1600. இவ்வளவும் உண்மைதான். ஆனால் அந்த எழுத்து கேஸைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 1500-க்கும் 1600-க்கும் ஸ்ட்ரோக் ஒன்றே, 69 மி.மீ. போர் மட்டும் 83, 85.5 என்று மாறும். இரண்டு சிலிண்டர்களும் அதே கேஸ் துளையில் உட்காரும். அதனால் ‘எச்’ எழுத்துள்ள கேஸுக்குள் 1,584 சி.சி. எஞ்சின் இருப்பது சர்வசாதாரணம். அதில் கெடுதலும் ஒன்றுமில்லை. நம்பரை நம்பி 83 மி.மீ. ரிங் செட் வாங்கி வருபவருக்குத்தான் நஷ்டம். நான்கு போரையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஏஎஸ்’ என்று நம்பர் தொடங்கினால் கேஸ் ‘ஏஎஸ்41’ உலோகத்தில் வார்த்தது என்று பலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முன்னது எஞ்சின் வகைக்கான குறி. பின்னது, மெக்னீசியத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியமும் 1 சதவீதம் சிலிக்கானும் கலந்த உலோகத்தின் பெயர்.

“போல்ட் ஏறினால் பொருந்தும்.”

நம்பிக்கைகளிலேயே அதிகச் செலவு வைப்பது இது. பல பாகங்களில் ஃபோக்ஸ்வாகன் போல்ட் துளைகளை இடம் மாற்றாமல், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தது. ஆயில் கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸில் கூலருக்குப் போகும் எண்ணெய்த் துளை 8 மி.மீ., பிந்தைய கேஸில் 10 மி.மீ. 10 மி.மீ. கேஸின் மேல் பழைய கூலரை வைத்து இறுக்கினால் இறுகத்தான் செய்யும். நடுவில் இருப்பது அந்தக் கலப்புக்கென்றே செய்த சீலாக இல்லாவிட்டால், வண்டி சூடானதும் எண்ணெய் கசியும். கேஸ்கெட் செட் பெட்டியில் எல்லா வகை சீலும் கலந்து வருவதால், மிஞ்சுவதைத் தூக்கிப் போடுவதற்கு முன் எது எதற்கு என்று பார்ப்பது நல்லது.

ஃப்ளைவீலும் அப்படியே. 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீலுக்கு 109 பற்கள், 12 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 130. பெரியதைப் பழைய கியர்பாக்ஸுடன் சேர்த்தால் பெல் ஹவுசிங்கின் உட்சுவரில் உரசும், அங்கே உலோகத்தைச் செதுக்க வேண்டிவரும். ஃபேன் கூண்டிலும் ஒரு கலப்பு அடிக்கடி நடக்கிறது. முன்பு ஆயில் கூலர் கூண்டுக்குள்ளேயே நின்று, 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றைச் சூடாக்கிவிட்டது. 1971 மாடல் 1600 எஞ்சினில் கூலரைத் தனி அறைக்குத் தள்ளி, ஃபேனையும் அகலமாக்கினார்கள். புதுக் கூண்டுக்குள் பழைய ஒடுக்கமான ஃபேனை மாட்டினால் சுற்றும், சத்தம்கூட மாறாது. காற்றுதான் குறையும்.

“பேரிங் ஸ்டாண்டர்டு சைஸில் வாங்கினால் போதும்.”

எந்த ஸ்டாண்டர்டு? இந்த எஞ்சினில் மெயின் பேரிங்குக்கு மூன்று அளவுகள் தெரிய வேண்டும். முதலாவது, கிராங்க் ஜர்னல். புதிதில் 1, 2, 3-க்கு 55 மி.மீ., நான்காவதுக்கு 40 மி.மீ. கிரைண்டிங் செய்யும்போது 0.25 மி.மீ. படிகளாகக் குறையும். இரண்டாவது, கேஸில் பேரிங் உட்காரும் துளை. முதல் மூன்றுக்கும் 65 மி.மீ. அடி வாங்கிய கேஸை லைன் போர் செய்திருந்தால் அது பெரிதாகியிருக்கும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ஃப்ளைவீல் பக்கத்து முதல் பேரிங்கில் கேஸின் உந்து முகத்தையும் வெட்டியிருக்கலாம். அப்படி வெட்டியிருந்தால் அகலம் கூடிய பேரிங் வேண்டும். உள்விட்டமும் வெளிவிட்டமும் சரியாக இருந்து அகலம் மட்டும் தவறினால், பேரிங் கேஸுக்குள் முன்னும் பின்னும் ஆடும். எத்தனை ஷிம் மாற்றினாலும் அந்த ஆட்டம் அடங்காது. கிராங்கின் எண்ட் பிளே 0.07 முதல் 0.13 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும், அதற்கு எப்போதும் மூன்று ஷிம்கள். இரண்டே ஷிம்மில் கணக்கு முடிந்திருக்கிறது என்றால் முன்பு கட்டியவர் எதையோ மறைத்திருக்கிறார்.

அளக்கும் முறையும் முக்கியம். கேஸின் இரண்டு பாதிகளையும் கிராங்க் இல்லாமல் சேர்த்து, நட்டுகளை முழு டார்க்கில் இறுக்கிய பிறகே துளையை அளக்க வேண்டும். அந்த இரண்டு பாதிகளும் ஆலையில் ஜோடியாகக் குடையப்பட்டவை. வேறு கேஸின் பாதி ஒன்று நடுவில் வந்து சேர்ந்திருந்தால் இந்த அளவிலேயே அது தெரிந்துவிடும், துளை வட்டமாக இருக்காது.

லைன் போர் செய்த கேஸில் கேம் பற்சக்கரத்தையும் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்தின் பின்புறம் −1, 0, +1 போன்ற எண்கள் இருக்கும். பல் அளவு நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை அவை சொல்கின்றன. முன்புறம் இருக்கும் டைமிங் குறியான 0 வேறு. கேஸின் ஒரு பாதியில் கிராங்கையும் கேமையும் வைத்து, கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். கேம் தன் இருக்கையிலிருந்து எழும்பினால் அந்தச் சக்கரம் இந்தக் கேஸுக்குப் பெரியது.

“வெட்டுக் குறியை நேராக வைத்தால் டைமிங் சரி.”

கிராங்க் புல்லியில் வெட்டு இருக்கும், சரி. அது எந்த டிகிரிக்கு? மாடலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பொறுத்து மேல் மையத்துக்கு 7.5 டிகிரி முன்னால், சரியாக மையத்தில், 5 டிகிரி பின்னால் என்று ஃபோக்ஸ்வாகனே மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு எஞ்சினின் புல்லியும் இன்னொன்றின் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்துவிட்டால் அந்த வெட்டுக்கு அர்த்தமே இல்லை. 1-ஆம் பிஸ்டனைக் கொண்டு மேல் மையத்தை நாமே கண்டுபிடித்துப் புல்லியில் புதுக் கோடு போடுவதுதான் வழி. வேக்குவம் இல்லாத ‘009’ டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் மேல் என்பதும் இதோடு சேர்ந்த கதை. 34 பிக்ட்-3 கார்புரேட்டருடன் அதைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் எஞ்சின் திணறுகிறது என்று ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பிஸ்டன்களைப் பற்றி ஒரே வரி: நான்கும் 10 கிராம் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், தலையில் உள்ள அம்பு ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, “ஆயில் பம்ப் எல்லாம் ஒன்றுதான்.” கேமின் பற்சக்கரம் முன்பு தட்டையாக, மூன்று ரிவெட்டோடு வந்தது. பிறகு குழிந்த முகமும் நான்கு ரிவெட்டும் வந்தன, பம்பும் அதற்கேற்ப மாறியது. புதுப் பம்ப் வாங்கும் முன் பழையதைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து ரிவெட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எண்ணெய்க்கறை ஒரு ரிவெட்டை மறைத்திருக்கலாம்.