பார்த்து வரைவதும் ஒரு படிப்பே!



யாராவது ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால் "காப்பி அடிச்சிட்டா" என்று கேலி பண்றோம். ஆனால் உலகப் புகழ் பெற்ற ஓவியர் வின்சென்ட் வான்கோ அப்படித்தான் வரையக் கற்றார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வான்கோ 1853-ல் நெதர்லாந்தில் பிறந்தார். ஓவியர் ஆவது என்று முடிவு செய்தது 27 வயதில்தான். பிரான்சு நாட்டு ஓவியர் மில்லே 1850-ல் தீட்டிய 'விதைப்பவன்' படத்தைப் பார்த்து வரைந்து பழகினார். பிறகு 1888 ஜூன் மாதம், ஆர்ல் என்ற ஊரில், அந்த விதைப்பவனைத் தன் சொந்த நிறத்தில் தீட்டினார். பீத்தோவன் அமைத்த இசையை வேறொருவர் தன் போக்கில் வாசிப்பதில்லையா, மில்லேயைப் பார்த்து வரைவதும் அதுபோலத்தான் என்று 1889-ல் தம்பிக்குக் கடிதம் எழுதினார்.

அந்த 1888 படத்தை நான் வரைந்து பழகிய முறை இது:

1. கட்டம்: அசல் படம் சுமார் 64 செ.மீ. உயரம், 80 செ.மீ. அகலம். அதில் பாதியாக, சார்ட்டில் 32-க்கு 40 அளவு எடுத்தேன். 8 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் மேலிருந்து கீழே 4, குறுக்கே 5. பார்த்து வரையும் படத்திலும் அதே மாதிரி 20 கட்டம் போட வேண்டும்.

2. நிலம்: அடிவானக் கோடு ரொம்ப மேலே இருக்கிறது. படத்தில் பெரும்பகுதி உழுத மண்தான்!

3. ஆள்: முதலில் முகத்தை வரையாதீர்கள். எட்டி வைத்த கால், வீசிய கை, இந்தக் கோடுகள் போதும். நடை வந்துவிடும்.

4. நிறம்: வானம் மஞ்சள், வயல் ஊதா! இந்த இரண்டையும் கலந்தால் சேறு மாதிரி ஆகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே பளிச்சிடும். இவை எதிர் நிறங்கள். ஆரஞ்சும் நீலமும், சிவப்பும் பச்சையும் அப்படியே. நிறத்தைத் தேய்க்காமல் சின்னச் சின்னத் தீற்றலாக வையுங்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. அப்பா ரயில்வேயில் கீமேன். தினமும் காலையில் சுத்தியலோடு தண்டவாளத்தில் நடந்தே போய், கழன்ற கிளிப்புகளை அடித்து இறுக்குவார். மேலே ஆரஞ்சு கோட்டு போட்டிருப்பார். ஏன் ஆரஞ்சு என்று கேட்டேன். "தூரத்துல வர்ற டிரைவருக்கு ஆள் தெரியணும்மா. அதுக்குத்தான் இந்தக் கலரு" என்றார். எதிர் நிறம் என்பது அழகுக்கு மட்டும் இல்லை. ஓர் ஆளின் உயிரையும் அது காக்கிறது.

அதனால் இரண்டாவது படத்தில் விதைப்பவனின் நடையை மட்டும் வைத்துக்கொண்டேன். வயலுக்குப் பதில் தண்டவாளம். அடிவானத்தில் நம்ம பொன்மலைப் பாறை. விடியற்கால நீலம் முழுக்க. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் அப்பா. ஐந்தடி தள்ளி நின்று பார்த்தாலும் முதலில் தெரிவது அவர்தான்.

இரண்டு படங்களும் கீழே ஒட்டப்பட்டுள்ளன. ஒருவரைப் பார்த்து வரையுங்கள், கை பழகும். பிறகு உங்கள் வீட்டில் உழைப்பவரைப் பாருங்கள், படம் உங்களுடையது ஆகும். அடுத்த இதழில் உங்கள் படத்தை எதிர்பார்க்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, பொன்மலை