பாத்தியைப் பூனையிடமிருந்து காக்க: மணமா, முள்ளா, வலையா, மட்டையா?

பூனைக்கு உங்கள் வல்லாரையில் ஒரு விருப்பமும் இல்லை. அது தேடி வருவது காய்ந்து பொலபொலத்த, காலால் கிண்டக்கூடிய மண்ணை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நமது வளவுகள் மணல்தான். அதிலும் பாதிக்குமேல் சீமெந்து போட்டாயிற்று. ஊர்ப் பூனைக்கு ஒதுங்க எஞ்சியிருப்பது நீங்கள் கொத்திப் புரட்டி வைத்த பாத்தி ஒன்றுதான். ஆகவே எந்த வழியானாலும் ஒன்றைப் பாருங்கள்: அது மண்ணை மூடுகிறதா, பூனையை வெருட்ட மட்டும் செய்கிறதா? வெருட்டு ரெண்டு நாளைக்குத்தான்.

தேசிக்காய்த் தோல், தோடம்பழத் தோல் போடுவது வெருட்டுகிற வகை. செலவில்லை. ஆனால் தோல் காய்ந்தால் மணம் போயிற்று, மாரியில் ஒரு மழைக்கே கழுவிப் போய்விடும். கொச்சிக்காய்த் தூளைக் கையாலும் தொடாதீர்கள்: பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும், அதே காலால் கண்ணையும் தேய்க்கும். நப்தலீன் உருண்டை அதைவிட மோசம். பூனைக்கும் நஞ்சு, வாயில் போடுகிற சின்னப் பிள்ளைக்கும் நஞ்சு.

தேசி மரத்து முள்கிளைகளை நாற்றுப் பாத்தியில் பரப்புவது நல்ல வேலை செய்யும், முளைத்து வரும் ரெண்டு மூன்று கிழமைக்கு. அதற்குப் பிறகு கீரை பிடுங்கப் போகிற உங்கள் கைதான் கிழியும்.

வலையில் ரெண்டு சாதி உண்டு. ஒரு அங்குலக் கண் உள்ள கோழிக் கம்பிவலையைப் பாத்திமேல் படுக்கையாக விரித்து, ஓரத்தை மண்ணுக்குள் மடித்துவிட்டால் பூனையால் கிண்டவே முடியாது. செடி கண்ணுக்குள்ளால் எழும்பி வரும். காசு பிடிக்கும், உப்புக் காற்றில் துருவும் ஏறும். பழைய மீன்வலை சும்மா கிடைக்கும், ஆனால் தங்கூசி வலை மட்டும் வேண்டாம். எங்கள் வளவில் ஒரு நாள் சுபஹுக்கு எழும்பின உம்மா குட்டியொன்றின் அனுங்கல் கேட்டுப் போனால், பின்னங்காலில் தங்கூசி மூன்று சுற்று இறுகிக் கிடக்கிறது. நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக நறுக்கி எடுத்தோம். மீன்வலைதான் என்றால் தடித்த நூல் கரைவலைத் துண்டை எடுங்கள்; தளர விடாமல் இழுத்துக் கட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது பொச்சு மட்டை. தேங்காய் உரித்த மட்டைகளைத் தோல்பக்கம் மேலே இருக்கும்படி, செடிகளுக்கு இடையில் நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்குங்கள். பூனைக்குக் கால் வைக்க மண் அகப்படாது. கச்சான் வீசும் மாதங்களில் மணல் ஈரத்தையும் காக்கும், பிறகு உக்கி உரமாகும். மல்லாத்திப் போட்டால் மழைத்தண்ணி தேங்கி டெங்கு நுளம்பு பெருகும், பி.எச்.ஐ. வந்து நிற்பார்.

என்ன போட்டாலும், மீன் குடலையும் செதிலையும் உரமென்று பாத்தியில் புதைக்கிற பழக்கம் இருந்தால் எல்லாம் வீண். அது பூனைக்கு வைக்கிற அழைப்பு. அதைத் தென்னைக்கு ஆழமாகப் புதையுங்கள்.

வீட்டுப் பூனையென்றால் இன்னும் லேசு. வளவின் மூலையில் நாலடிச் சதுரத்தில் காய்ந்த மணல் கொட்டி வையுங்கள், தினமும் அள்ளுங்கள். பூனை நஜீஸ் இல்லை. அபூ கதாதா (ரலி) வுழூச் செய்யும் தண்ணீரைப் பூனைக்குச் சரித்துக் கொடுத்த ஹதீஸ் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதன் மலம் நஜீஸ். அதில் டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியும் வரலாம். மண்ணில் ஒரு நாள் இரண்டு நாள் கிடந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளச் சொல்வது அதனால்தான். கர்ப்பமான பெண்கள் அந்த வேலையை வேறு ஆளிடம் விட வேண்டும். பச்சையாகச் சம்பல் போடுகிற வல்லாரையை ஓடும் தண்ணியில் இலை இலையாகக் கழுவ வேண்டும்.

பூனையை உரப்பையில் கட்டி மீன் சந்தையில் விடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. பாவம் ஒரு பக்கம். அந்த இடத்துக்கு அடுத்த கிழமை வேறு பூனை வரும்.

மட்டையைப் பாத்தி கொத்துகிற அன்றைக்கே அடுக்கிவிடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் இரவே பூனை முந்திவிடும்.