பழைய தழும்பும் வலி ஊசியும்

கொல்கத்தாவில் பாலிகஞ்ச் அருகே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ராமகிருஷ்ண மிஷன் சேவா பிரதிஷ்டான் என்பது பெயர். 1932-இல் தாய்க்கும் சேய்க்கும் என்றே தொடங்கினார்கள்.

முதல் பிள்ளை சிசேரியனா? அடுத்த பிரசவத்துக்கு இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும். ஏன்?

அடுத்தது சுகப்பிரசவம் ஆகலாம். பலருக்கு ஆகிறது. ஆனால் கர்ப்பப்பையில் பழைய தழும்பு இருக்கிறது. தானாக வலி வந்தால், சுமார் 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியலாம். மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால், ஆபத்து 2, 3 மடங்கு ஆகலாம். தழும்பு பிரிந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ரத்தமும் தயாராக இருக்க வேண்டும்.

அதனால் நாள் தள்ளிப்போனாலும் வீட்டில் வலி ஊசி போடக்கூடாது. மிசோப்ரோஸ்டால் மாத்திரை கூடவே கூடாது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதுவும் எல்லோருக்கும் அல்ல.

கர்ப்பப்பையில் நெடுக்கு வெட்டு என்றால் வலி மருந்து கிடையாது. மீண்டும் ஆபரேஷன்தான். குறுக்கு வெட்டா, நெடுக்கு வெட்டா? வெளித்தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஆபரேஷன் சீட்டில்தான் இருக்கும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பரவாயில்லை, நர்ஸம்மாவிடம் கேளுங்கள். சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.