கறவைப் பசுக்களுக்குக் கொழுப்புத் தீவனம்

கன்று ஈன்றபின் வரும் முதல் மூன்று மாதங்களே ஒரு பசுவின் பால் வருமானத்தை நிர்ணயிக்கும் காலமாகும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பால் உச்ச அளவை எட்டிவிடுகிறது. தீனி உட்கொள்ளும் சக்தியோ பத்து, பன்னிரண்டு வாரங்கள் சென்றே உச்சநிலைக்கு வருகிறது. இவ்விடைக்காலத்தில் பசுவானது தன் உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கிறது. ஆகவே அது இளைத்துப்போவதுடன், உரிய காலத்தில் சினைப்பருவத்துக்கும் வருவதில்லை. ஒரு பருவம் தவறினால் மேலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்நாட்களின் தீனிச் செலவு குடியானவருக்கு நஷ்டமே.

இக்குறையை நிரப்பவே கொழுப்புத் தீவனம் பயன்படுகிறது. எடைக்கு எடை, கொழுப்பானது மாவுப்பொருளைப்போல் இரண்டே கால் மடங்கு சக்தி அளிக்கும். வயிறு கொள்ளாத பசுவுக்குச் சிறு அளவில் மிகுந்த சக்தியைக் கொடுக்க இதுவே வழி.

எண்ணெய் ஊற்றலாகாது

இதைக் கேள்வியுற்ற சிலர் தவிட்டில் எண்ணெயை ஊற்றிக் கொடுக்கின்றனர். இது தவறு. பசுவின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் ஜீரணிக்கச் செய்பவை அவையே. எண்ணெய் மிகுந்தால் அது நாரின்மேல் படிவதோடு இவ்வுயிர்களையும் அழிக்கிறது. நார் ஜீரணமாவது குறையவே, பாலிலுள்ள கொழுப்புச் சத்தும் குறைகிறது. கொழுப்பைச் சோதித்து விலை கொடுக்கும் சங்கங்களில் இந்த நஷ்டம் உடனே தெரியும்.

கொடுக்கத்தக்கவை

முதலாவது, முழுப் பருத்திக்கொட்டை. இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் உண்டு. ஆட்டிக் கொடுத்தால் எண்ணெய் ஒரேயடியாக வெளிப்படும். முழுதாகக் கொடுத்தாலோ அசைபோடும்போது சிறிது சிறிதாகவே வெளிப்படும். நாளொன்றுக்கு 1 கிலோ போதுமானது. கன்றுகளுக்கு இதைக் கொடுக்கலாகாது. இதிலுள்ள விஷப்பொருளை அவை தாங்கா. பூஞ்சணம் பிடித்த கொட்டையைப் பசுவுக்கும் விலக்க வேண்டும். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

இரண்டாவது, பைபாஸ் கொழுப்பு என விற்கப்படும் பொடி. இது பனையெண்ணெய்க் கொழுப்பைச் சுண்ணாம்புச் சத்துடன் சேர்த்துச் செய்யப்படுவது. பெருவயிற்றில் கரையாமல், புளிப்பு மிகுந்த நான்காம் இரைப்பையிற் பிரிந்து, குடலில் ஜீரணமாகும். நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் வரை கொடுக்கலாம். சவர்க்கார வாடை உண்டாதலால், 50 கிராமில் தொடங்கி, தீவனத்துடன் பிசறிப் பழக்க வேண்டும்.

அளவும் கணக்கும்

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்தீனி உண்ணும். சாதாரணத் தீனியில் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது 360 கிராம் கொழுப்பு இருக்கும். மொத்தம் நூற்றுக்கு 6 பங்கை மீறாமலிருப்பது நலம். ஆகவே கூடுதலாகக் கொடுப்பது 350 கிராமுக்குள் அடங்க வேண்டும். செக்குப் பிண்ணாக்கில் எஞ்சியுள்ள எண்ணெயையும் இதில் சேர்த்தே எண்ணுக.

150 கிராம் பைபாஸ் கொழுப்பு, ஏறத்தாழ 1 லிட்டர் பாலுக்கு வேண்டிய சக்தியைத் தரும். அதன் விலையை 1 லிட்டர் பாலின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் வாங்குக.

கவனிக்க வேண்டியவை

1. நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேல் கறக்கும் பசுக்களுக்கே இது பயன்தரும். குறைவாகக் கறப்பவற்றுக்குப் பசுந்தீவனமும் பிண்ணாக்கும் போதும்.

2. கொழுப்பில் புரதமில்லை. பிண்ணாக்கைக் குறைத்துவிட்டுக் கொழுப்பைக் கொடுப்பதால் பயனில்லை.

3. தாது உப்புக் கலவையை நாள்தோறும் தவறாது சேர்க்க வேண்டும்.

4. ஈன்ற 90 நாட்களுக்குப்பின், பசு நன்றாகத் தீனி தின்று உடல் தேறியதும் சிறிது சிறிதாக நிறுத்திவிடலாம்.

கிராம அதிகாரிகளும் பால் சங்கத்தாரும் இவ்விஷயங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராயின், பசுவும் இளைக்காது, வீண்செலவும் நேராது.