கம்பி அறுந்தால் தெரிய வேண்டும்

மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வி மின்னியல் பாடம் நடத்தி வருகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் நூற்பாலைகளிலும் குடிநீரேற்று நிலையங்களிலும் பராமரிப்புப் பணிக்குச் செல்கிறார்கள். அங்கே மோட்டார், வால்வு, தொட்டியின் மட்டம் காட்டும் சென்சார் ஆகியவற்றை பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி கம்பி வழியே பேசி இயக்குகிறது. வீட்டில் வைஃபை நின்றால் பார்த்துக்கொண்டிருக்கும் படம்தான் நிற்கும். ஆலையில் இந்தப் பேச்சு நின்றால் தொட்டி வழியலாம், கொதிகலன் மிகையாகச் சூடேறலாம், அருகில் நிற்பவருக்குக் காயம் ஏற்படலாம். ஆகவே நம்பகமான இணைப்பு என்றால் என்ன என்பதை மூன்று பாடவேளைகளில் நடத்துகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எண் அட்டைகள், ஒரு கயிறு, சில மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதல் பாடவேளை: கேட்டால் மட்டும் பதில்

தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மொழிகளில் மோட்பஸ் இன்றும் பரவலாக உள்ளது. 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. இதன் விதி எளிது. தலைமைக் கருவி ஒன்று கேட்கும். எண் சொல்லி அழைக்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும்.

இதை விளையாட்டாக நடத்தலாம். ஒரு மாணவி தலைமைக் கருவி. எட்டு மாணவர்களுக்கு 1 முதல் 8 வரை எண் அட்டைகள். "எண் 3, தொட்டி மட்டம் என்ன?" என்று அவள் கேட்டால், 3 மட்டும் தன் அட்டையின் பின்னே எழுதியுள்ளதைப் படிக்க வேண்டும். ஒரு சுற்று ஒழுங்காக முடிந்த பிறகு, ஒவ்வொரு பிழையாக உள்ளே விடுகிறேன்.

இருவருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் இருவரும் ஒன்றாகப் பேச, எதுவும் புரியாது. புதிய கருவியைச் சேர்க்கும்போது அதன் எண்ணை முதலில் சரிபார்க்க வேண்டிய காரணம் இதுதான். எண் 5-ஐ மௌனமாக இருக்கச் சொன்னால், தலைமைக் கருவி காத்துக்கொண்டே இருக்க, மொத்த வகுப்பும் நின்றுவிடும். "என்ன விதி சேர்க்கலாம்?" என்று கேட்டால் மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்: மூன்று எண்ணும்வரை காத்திரு, மீண்டும் இருமுறை கேள், பதில் இல்லையெனில் பலகையில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போ.

அடுத்து இரைச்சல். 4, 7, 2 என்ற செய்தியுடன் அவற்றின் கூட்டுத்தொகை 13-இன் கடைசி இலக்கமான 3-ஐயும் சேர்த்துச் சொல்லச் செய்கிறேன். மற்றவர்கள் கைதட்டிக் குழப்புவார்கள். கேட்பவர் கூட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் மீண்டும் கேட்க வேண்டும். 4-உம் 7-உம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். மோட்பஸ் கருவிகள் வெறும் கூட்டலுக்குப் பதிலாக வகுத்து மீதி காணும் முறையைப் பயன்படுத்துவதன் காரணம் அதிலேயே விளங்கிவிடும்.

இரண்டாம் பாடவேளை: கம்பியும் கயிறும்

மோட்பஸ் பெரும்பாலும் ஆர்.எஸ்.-485 என்ற இரட்டைக் கம்பியில் செல்கிறது. குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1200 மீட்டர் வரை எட்டும். இரு கம்பிகளையும் ஏன் முறுக்க வேண்டும்? ஒரு கம்பியில் 5, மற்றதில் 2 என்க. பெறும் கருவி வேறுபாட்டை மட்டும் பார்க்கிறது: 3. பக்கத்து மோட்டாரின் இரைச்சல் இரண்டிலும் 4 சேர்த்தால் 9, 6. வேறுபாடு இப்போதும் 3. முறுக்குவதால் இரு கம்பிகளும் இரைச்சலை ஏறத்தாழச் சமமாகவே பெறுகின்றன. இந்தக் கழித்தலை ஆறாம் வகுப்பிலும் செய்து காட்டலாம். ஒன்பதாம் வகுப்பு மின்காந்தத் தூண்டலுடன் இணைத்தால், தகவல் கம்பியை மின்சாரக் கேபிளோடு ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது, கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பதும் புரியும்.

கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் ஒரு சுண்டு சுண்டினால் துடிப்பு போய்த் திரும்பி வரும். கம்பியிலும் முனையில் மோதிய சைகை திரும்பி வந்து அடுத்த செய்தியைக் கெடுக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ள இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் மின்தடை இணைக்கிறார்கள். நடுவில் கிளை பிரிந்தால் அங்கும் சைகை திரும்பும் என்பதால், மாலையில் பூக் கோப்பதுபோல் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குக் கம்பி செல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பின் பக்க இணைப்புக் கணக்கு இங்கே உயிர்பெறுகிறது. இரு 120 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் 60 ஓம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு மின்தடை இல்லை, அல்லது கம்பி நடுவில் அறுந்துள்ளது. 40 வந்தால் மூன்று உள்ளன. ஆலை ஒன்றில் பணிபுரியும் என் மாணவர் ஒருவர், புதிய இயந்திரம் சேர்த்த நாளிலிருந்து அளவீடுகள் விட்டு விட்டு வருவதாகச் சொல்லி அழைத்தார். "அளந்தாயா?" என்றேன். "நாற்பது சார்" என்றவர், நான் பதில் சொல்லும் முன்பே, "மூணு இருக்கு சார், நடுவுல இருக்கிறதை எடுத்துடறேன்" என்றார்.

ஈதர்நெட் இணைப்புக்குச் சில குறிப்புகள் போதும். தாமிரக் கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒளியிழை. ஒவ்வொரு கருவிக்கும் மாறாத ஐ.பி. முகவரி கொடுத்து எழுதி வைக்க வேண்டும். அலுவலகக் கணினிகளின் வலையமைப்போடு கலக்கக் கூடாது.

மூன்றாம் பாடவேளை: அறுந்த பிறகு என்ன?

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கம்பி ஒருநாள் அறும். அறுந்தது தெரிய வேண்டும். சென்சார்கள் பலவற்றில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்ற அளவு உண்டு. 5 மீட்டர் தொட்டியில் வெறுமைக்கு 4, நிறைவுக்கு 20. 12 மில்லி ஆம்பியரில் மட்டம் என்ன? 2.5 மீட்டர். 0 மில்லி ஆம்பியரில்? கணக்குப் போட்டால் கழித்தல் 1.25 மீட்டர்! வகுப்பு சிரிக்கும். தரைக்குக் கீழே தண்ணீர் நிற்காது. ஆகவே கம்பி அறுந்துவிட்டது. வெறுமைக்கு 0 என வைத்திருந்தால், அறுந்த கம்பியும் வெறும் தொட்டியும் ஒன்றாகவே தெரியும். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும்.

பிறகு குழுக்களுக்கு ஒரு பட்டியல் தருகிறேன். தொடர்பு அறுந்தால் ஒவ்வொன்றும் தானாக எந்த நிலைக்குப் போக வேண்டும்? மேல்நிலைத் தொட்டியின் பம்பு நிற்க வேண்டும். கொதிகலனின் எரிபொருள் வால்வு மூட வேண்டும். சூடான இயந்திரத்தின் குளிர்நீர் வால்வோ திறக்க வேண்டும். "எல்லாவற்றையும் நிறுத்திவிடு" என்று முதலில் சொல்லும் குழு, குளிர்நீரில் வந்து தயங்கும். அந்தத் தயக்கமே இப்பாடத்தின் பயன். அவசர நிறுத்தப் பொத்தானைச் சாதாரண வலையமைப்பை நம்பி விடக் கூடாது, தனிக் கம்பி வேண்டும் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்

1. அளவீடு 60-க்குப் பதில் 120 ஓம். எங்கே தேடுவாய்?
2. எண் 6, எண் 7 இரண்டும் பதில் தரவில்லை. 1 முதல் 5 வரை சரி. பிழை எங்கே இருக்கக்கூடும்?
3. உன் ஊர்க் குடிநீர்த் தொட்டியின் சென்சார் கம்பி அறுந்தால் பம்பு என்ன செய்ய வேண்டும்? ஏன்?

வகுப்பில் மின்கலங்களையும் மின்சாரம் இல்லாத கம்பிகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள். மின்பலகையைத் திறக்க வேண்டாம். மூன்றாம் வினாவை மாணவர்கள் வீட்டில் பெற்றோருடன் பேசிவிட்டு எழுதட்டும். தொட்டியை இயக்குபவரிடமே சென்று கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் எழுதும் விடைகளை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.