ஓய்தலும் ஆய்தலும்

தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல் என்னும் சொல்லை ஆய்தல், நிழத்தல், சாய் என்பனவற்றோடு ஒரே நிரலில் வைக்கின்றார். உள்ளதொன்று முன்னையினும் நுண்ணிதாதல் என்பதே இந்நான்கிற்கும் அவர் கூறும் பொருள். ஓய்ந்தது என்றால் ஒழிந்தது என்று இன்று நாம் கொள்கின்றோம். இலக்கணம் அவ்வாறு கொள்ளவில்லை. ஓய்தலின் அருகிலேயே ஆய்தல் நிற்பதும் மாணவர் கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் ஓய்வுபெறும் அகவை 58ஆக இருந்து, 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆண்டு ஒன்றிரண்டு கூட்டினும், அதன்பின் எஞ்சும் இருபது ஆண்டுகளை என் செய்வது என்னும் வினா அப்படியே நிற்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 60 அகவை நிறைந்தோர் ஏறத்தாழ 10.38 கோடியர். இவர்களுக்கு நாம் அளிப்பன பிரிவுபசார விழா, பொன்னாடை, பின்னர் விழாக்களில் முன்வரிசை நாற்காலி. மதிப்பில் குறையில்லை, பணிதான் இல்லை.

உ.வே.சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல். அப்போது அவருக்கு அகவை 64. சங்க நூல்கள் பலவும் காப்பியங்களும் அதற்கு முன்பே அச்சேறிவிட்டன. அத்தோடு அமைந்திருந்தாலும் அவர் புகழ் குன்றியிராது. ஆயினும் 1924இல் பெருங்கதை வெளிவந்தது. அவ்வாண்டே சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். குறுந்தொகைப் பதிப்பு 1937இல், அவர்தம் 82ஆம் அகவையில் வந்தது. தன்வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது.

இதனை ஒரு தனிமனிதரின் ஊக்கம் என்று மட்டும் கூறிவிடல் பொருந்தாது. சுவடிப் பதிப்பு பலர் கூடிச் செய்யும் வேலை. ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றொருவர் எழுத, வேறொருவர் பிற படிகளோடு ஒப்புநோக்க வேண்டும். அச்சுப் படி திருத்த இளங்கண்கள் வேண்டும். கி.வா.ஜகந்நாதன் போன்ற இளைஞர் அவரிடம் பயின்றவாறே இப்பணிகளில் உடனிருந்தனர். ஒரு சொல் வேறெந்நூலில் எவ்வாறு வந்துள்ளது என்று சொல்லும் நினைவு முதியவருடையது. விரைந்தெழுதும் கை இளைஞருடையது. இவ்விரண்டையும் ஓரிடத்தில் அமர்த்தும் ஏற்பாடே இன்று நம்மிடம் அருகியுள்ளது.

நாகூரில் 1921இல் பிறந்த நீதிபதி மு.மு.இஸ்மாயில், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர். கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது அதனை ஏற்காது 1981இல் பதவி துறந்தார். 2005இல் மறையும் வரை கம்பனே அவர்தம் களம். அக்களத்தை அவர் பதவியில் இருந்தபோதே உழத் தொடங்கிவிட்டார் என்பதை ஓய்வை எதிர்நோக்கும் எம் ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாரும் உ.வே.சா. ஆதல் இயலுமோ எனின், இயலாது. ஆக வேண்டுவதும் இல்லை. பிறர் அறியாத ஒன்றை ஒவ்வொரு முதியவரும் அறிந்திருக்கின்றார். நம் துறைக்கு மிக அணிமையிலுள்ள சான்று அரபுத் தமிழ். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்தில் சில குறிகளைக் கூட்டி, தமிழையே அவ்வெழுத்தில் எழுதிய மரபு அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் அவ்வெழுத்தில் வழங்கின. இன்று தமிழ் முதுகலை பயின்றவருக்கு அவ்வெழுத்துத் தெரியாது. அரபு எழுத்தறிந்த இளைஞருக்கோ அந்நடை விளங்குவதில்லை. தடையின்றிப் படிப்போர் பெரும்பாலும் முதியோரே. அவர்களுள் பெண்டிர் பலர். பணியோய்வு என்னும் சொல்லே எட்டாத இல்லத்தரசியர் அவர்கள். அவர்கள் மறைந்தால் அலமாரியில் நூல் இருக்கும், படிப்பார் இரார்.

ஆதலின் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவரிடம் ஒன்று வேண்டுகின்றோம். வீட்டிலோ அண்டையிலோ அரபுத் தமிழ் படிக்கும் பெரியவர் இருப்பின், நலம் விசாரிப்பதோடு எழுந்துவிடாமல், நாளும் அரைமணி நேரம் அவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் தமிழ் எழுத்தில் படியெடுங்கள். விளங்காத சொல்லுக்கு அவரே உரையாசிரியர். மறுநாள் படியை அவரிடம் வாசித்துக் காட்டித் திருத்தம் பெறுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எவரேனும் ஊரில் இருந்தால், எழுத்துப்பிழை நீக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். சிவப்பு மை இன்னும் அவர் சட்டைப் பையில் இருக்கும்! தமக்கு ஏடு உதவியவர்களை முன்னுரையில் பெயர் சுட்டிப் போற்றுவது உ.வே.சா.வின் வழக்கம். நீங்களும் படியின் முதற்பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே, படித்துச் சொன்னவர் பெயரை எழுதிக் கொண்டுவாருங்கள்.