கந்தூரிக்கு ஆயத்தமாகும் வீடு

நாகூரில் தர்காவுக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டை, அதற்கு உரியவரான என் தாய்மாமன் சிங்கப்பூரில் நிலைத்துவிட்ட காலம் முதல், யாத்ரீகர்களுக்கும் விடுமுறைக்கு வருவோர்க்கும் நாள் வாடகைக்கு விட்டுப் பராமரித்துவரும் பொறுப்பு என்னுடையது. சுவருக்கு வெள்ளையடித்து, மெத்தைக்குப் புது உறை மாட்டி, வாசலில் சர விளக்குத் தொங்கவிட்டுவிட்டால் வீடு தயாராகிவிட்டது என்று எண்ணுவோர் எங்கள் தெருவிலும் உண்டு. தர்காவின் ஆண்டுத் திருவிழாவான கந்தூரிக்கு வருகிறவர் எந்நேரம் விழித்திருப்பார், எந்நேரம் கண்ணயர்வார், ஒரு நாளில் எத்தனை முறை தண்ணீரைத் தேடுவார் என்பவற்றை முன்கூட்டியே சிந்தித்து, அதற்கு இசைய வீட்டை நடத்துவதே உண்மையான ஆயத்தம் என்பது பல கந்தூரிகளைக் கண்டபின் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம். புதிதாக வீட்டை வாடகைக்கு விட முற்படுவோர்க்குப் பிரயோஜனப்படலாம் என்று கருதி, நான் அனுசரித்துவரும் சில முறைகளை இங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலாவது தேதி. ஜமாதுல் ஆகிர் மாதத்தின் முதற்பிறையன்று கொடியேற்றத்துடன் தொடங்கி 14 நாள் நிகழும் கந்தூரி, பிறைக் கணக்கைச் சார்ந்ததாகையால் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துவிடும். 2012இல் ஏப்ரல் மாதக் கடும் வெயிலில் வந்த திருவிழா, 2022இல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் மறுமுறையுமாக ஒரே ஆண்டில் இருமுறை வந்தது. இதைக்காட்டிலும் விருந்தினரைத் தடுமாறச் செய்வது பத்தாம் இரவு. இஸ்லாமிய நாள் சூரிய அஸ்தமனத்தோடு தொடங்குவதால் பத்தாம் பிறையின் இரவு, அதன் பகலுக்கு முன்னால் வந்துவிடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் சந்தனக்கூடு என்னும் ரதம் அந்த இரவு முழுவதும் ஊர்ந்து நாகூரை அடைந்து, விடியற்காலையில் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவரின் சமாதிக்குச் சந்தனம் பூசப்படும். பத்திரிகையில் 24ஆம் தேதி சந்தனம் பூசுதல் என்று படித்துவிட்டு, வெளியூர்க் குடும்பம் அந்த 24ஆம் தேதி நண்பகலில் சாவகாசமாக வந்து இறங்குமானால், அவர்கள் காண வந்த வைபவம் அதற்குள் நிறைவெய்தியிருக்கும். ஆதலால் முன்பதிவுக்கு அழைக்கும் எவரிடமும் வெறும் தேதியை நான் ஏற்பதில்லை, “கூடு பார்க்க வருகிறீர்களா, பகலில் சமாதியில் ஜியாரத் செய்ய வருகிறீர்களா?” என்று கேட்டு, கூடு என்றால் அதற்கு முந்திய நண்பகலிலேயே வந்துவிடச் சொல்வதோடு, பிறை தென்படாமல் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகுமானால் அந்த ஒரு நாளும் அவர்களுக்கே உரியது என்று எழுதியும் அனுப்பிவிடுகிறேன்.

இக்காலத்தில் கந்தூரி வடகிழக்குப் பருவமழைக்குள் வந்து விழுந்திருக்கிறது; கடலோர ஊரில் மழைக்காலத்து வீடு என்றால் ஓதம் ஏறிய சுவரும், கதவு வீங்கி மூட மறுக்கும் நிலையும், உப்புக் காற்றில் துருவேறிய பூட்டுமாக இருப்பது சகஜம். இவற்றையெல்லாம் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்தில் சரிசெய்ய முயல்வது வீண் பிரயத்தனம். புரட்டாசி வெயில் இருக்கும்போதே மெத்தை தலையணைகளை மொட்டை மாடியில் காயவைத்து, மாடியின் நீர்த்தாரைகளில் அடைந்த இலைகளை அகற்றி, தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் எண்ணெய் இட்டுவிட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாற்றம் எடுப்பதால், பெருங்குடும்பங்களுக்கு நான் கோரைப்பாயும் கனத்த ஜமுக்காளமுமே தருகிறேன். ஒரு வேனில் பதினைந்து பேர் வந்து இறங்கும் வீட்டில் கட்டில்களின் எண்ணிக்கையைவிடக் கூடத்தின் உலர்ந்த தரையே பெரிய சௌகரியம்.

அடுத்தது தண்ணீர், இதில்தான் வீட்டுக்காரரின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும். பதினைந்து பேர் ஐவேளைத் தொழுகைக்கும் முன்னால் ஒளு (கை, முகம், கால் கழுவுதல்) செய்தால் நாளொன்றுக்கு 75 முறை ஆகிறது; குழாயைத் திறந்துவிட்டபடி செய்பவர் ஒரு முறைக்கு 5 லிட்டரைச் சுலபமாகச் செலவழிப்பார் என்று வைத்துக்கொண்டால், குளியலும் சமையலும் துணி அலசுதலும் சேராமலே 375 லிட்டர் போய்விடும். 1000 லிட்டர்த் தொட்டி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் மாலைத் தொழுகைக்குமுன் குழாய் வறண்டுவிடும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை. நபிகள் நாயகம் இரு கை கொள்ளும் ஒரு முத்து அளவு நீரிலேயே ஒளுச் செய்ததாக ஹதீஸ் கூறுகிறது. அதை நினைவூட்டி அறிவிப்பு எழுதி ஒட்டுவது விருந்தினருக்கு உபதேசம் செய்வதாக ஆகுமென்பதால், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கால் கழுவத் தாழ்வாக இரு குழாய்களும், அவற்றருகே மூக்கு வைத்த கெண்டிகளும், வழுக்காத சிறு முக்காலியும் வைத்துவிட்டேன். கெண்டி கைக்கு எட்டுமிடத்தில் இருந்தால் முதியோர் தாமாகவே குழாயை மூடிவிடுகிறார்கள். கிணற்று நீர் உவர்ப்பாகையால் குடிக்கவும் சோறாக்கவும் தனி நீர் வாங்கி வைத்து, எந்த நீர் எதற்கு என்பதை வந்தவுடன் வீட்டுப் பெண்களிடமே காட்டிவிட வேண்டும்.

தொழுகைக்கு ஒரு சிறு அறையை ஒதுக்கி, அதில் உருவப்படம் உள்ள நாட்காட்டியையும் பொம்மையையும் அகற்றி, தொழும் திசையான கிப்லாவைச் சுவரில் குறித்து வைப்பது அவசியம். நாகூரிலிருந்து கஃபாவின் திசை நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 பாகை விலகி இருக்கிறது என்பதால், சுவருக்கு இணையாகப் பாயை விரித்துவிட்டு அதுதான் திசை என்று சொல்லிவிடக் கூடாது. கழிப்பறையைப் புதிதாகக் கட்டுவோர் அத்திசையை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ அமையாதபடி பார்த்துக்கொள்வது மரியாதை. பெண்கள் தங்கும் பகுதிக்குக் கனமான திரையும், உள்ளிருந்து மூடும் தாழ்ப்பாளும் போதும்.

இனிச் சந்தனக்கூட்டு இரவு. அன்று மாலை வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவர். குழந்தையையும் மூட்டையையும் சுமந்து தெருக்களில் வழி தேடும் குடும்பத்தை எதிர்கொண்டு அழைத்துவர ஊர்ப் பையன் ஒருவனை நான் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறேன். இரவு முழுவதும் ஒருவர் போவதும் ஒருவர் வருவதுமாக வீடு விழித்திருக்கும். ஆகையால் பத்து மணிக்கு வாசலைச் சாத்திவிட்டு உறங்கப் போகும் வீட்டுக்காரர் அந்த இரவுக்குப் பொருந்தமாட்டார். சந்தனம் பூசி முடிந்து, பஜ்ர் தொழுகையும் முடித்துக்கொண்டு, களைப்பும் பரவசமும் கலந்த முகத்தோடு அவர்கள் திரும்பும்போது வேண்டியவை மூன்று: கால் கழுவ வெந்நீர், சூடான தேநீர், படுத்தால் எவரும் எழுப்பாத இடம். விடுதிகளில் வழக்கமாக உள்ளபடி முற்பகல் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வது அன்று கருணையற்ற செயல். அந்த ஒரு நாளைக்கு மாலை அஸர் தொழுகை வரை இருக்கலாம் என்று நான் விதி வகுத்துக்கொண்டு, அடுத்த குடும்பத்தை மஃரிப் தொழுகைக்குப் பின்னரே வரச் சொல்கிறேன். நேர்த்திக்கடன் செலுத்தி மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு குழந்தைகள் வந்து படுப்பார்கள். தலையணைக்கு வெள்ளை உறை போட்டுவிட்டுக் கறைக்காக முகம் சுளிப்பதைவிட, அடர்ந்த நிறத்தில் மெல்லிய பருத்தி உறைகளைத் தனியே தைத்து வைத்துவிடலாம். அதன்பின் பீர் எனப்படும் பக்கீர் கடற்கரைக்கு ஏகும் நிகழ்ச்சியைக் காணப் போய் வருகிறவர்களின் காலோடு மணலும் வீட்டுக்குள் வந்துசேரும் என்பதால், வாசற்படியில் சாக்கு விரிப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள்.

வருபவர் அனைவரும் முஸ்லிம்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் 131 அடி உயர மினாரைக் கட்டிக்கொடுத்த தர்கா அது. இன்றும் இந்துக் குடும்பங்கள் திரளாக வந்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றன. ஆகவே சமையலறையில் நெய்ச்சோறு ஆக்கப் பெரிய தேக்சாவும், நால்வர் சூழ்ந்து உண்ணச் சஹன் தட்டுகளும் வைக்கும் அதே கவனத்தோடு, மாமிசம் படாத பாத்திரத் தொகுதி ஒன்றையும் தனி அலமாரியில் பூட்டி வைத்து, கேட்போர்க்குச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, “தம்பி, நான் கேக்குறதுக்கு முன்னாலேயே எடுத்து வெச்சிருக்கியேப்பா” என்று சொன்னபோது எனக்கு உண்டான திருப்தி வாடகைப் பணத்தால் கிட்டுவதன்று. காலை உணவுக்குத் தெருவில் இறால் வைத்த வாடாவும், ஊருக்கு எடுத்துச்செல்லத் தம்ரூட் இனிப்பும் நல்ல முறையில் எங்கே கிடைக்கும் என்பதை நேரில் காட்டிவிடுவது, வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பதைவிட அவர்களுக்குப் பிரியமாக இருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வருகிற அந்நிய நாட்டுப் பிரஜைகள் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்துக்கான படிவத்தை இணையம் வழியாக அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். கூட்ட நெருக்கடியில் இது மறந்துபோகக் கூடியதாகையால், கடவுச்சீட்டு நகலை வாங்கும் கையோடு படிவத்தையும் நிரப்பிவிடுங்கள்.

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் இரவுக்கு மட்டும் பன்மடங்கு கேட்பது இவ்வூரில் சாதாரணம். 2023இல் சந்தனக்கூடும் அரையாண்டு விடுமுறையும் வேளாங்கண்ணியின் கிறிஸ்துமஸ் கூட்டமும் ஒரே வாரத்தில் சேர்ந்தபோது, கேட்டதைக் கொடுத்துத்தான் ஜனங்கள் தங்கினார்கள். நேர்ந்துகொண்டு கடன் வாங்கியாவது வருகிறவரிடம் அவ்விதம் பறிப்பது எனக்கு உடன்பாடில்லை. 14 நாளுக்கும் ஒரே வாடகை என்று முன்னரே அறிவித்து, நடுவில் கூட்டம் குறைந்த நாட்களை நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் சற்றுக் குறைத்துக் கொடுக்கிறேன். அவர்கள் நெரிசலின்றி ஜியாரத் செய்து, பெரும்பாலும் மறு ஆண்டும் இங்கேயே வந்து தங்குகிறார்கள்.

கொடியிறக்கம் முடிந்ததும் தொட்டியைக் கழுவி, பாய்களை உலர்த்திச் சுருட்டிய பிறகு, அவ்வாண்டு வந்தவர்களுக்கெல்லாம் அடுத்த கந்தூரியின் உத்தேசத் தேதியை எழுதி அனுப்புவது என் வழக்கம். வரும் சில ஆண்டுகளில் அது நவம்பர், அக்டோபர் மாதங்களின் அடைமழைக்குள் இன்னும் ஆழமாக நகரப் போகிறது. ஆகவே கொல்லைப்புற ஒளுக் குழாய்களுக்கு மேல் ஓட்டுக் கூரை போடும் வேலையை இந்தச் சித்திரையிலேயே முடித்துவிடச் சொல்லி மாமாவுக்கு எழுதியிருக்கிறேன்.